சரோஜாவின் வீட்டுக்காரர் பெயர்

செங்கல்பட்டு, 12.8.1974

அன்புள்ள அம்மாவுக்கு, சண்முகத்தாய் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் கால்வீக்கம் வடிந்ததா?

எங்கள் வார்டில் இரண்டு சரோஜா. ஒருவருக்குப் பென்சிலின் ஊசி. மற்றவருக்கு அது ஆகவே ஆகாது. ஆளை உறுதிசெய்யாமல் மருந்து தரக்கூடாது என்பது எங்கள் பாடம். அதனால் நேற்று ஊசியோடு ஒரு சரோஜாவிடம் போய், வீட்டுக்காரர் பெயரைக் கேட்டேன்.

“அவுரு பேர நான் சொல்லலாமா? ஆயுசு கொறஞ்சிடும். நீ குத்தும்மா” என்று கையை நீட்டிவிட்டார்!

நான் குத்தவில்லை. பார்க்க வந்த மாமியார்தான் மகன் பெயரைச் சொன்னார். சீட்டைப் பார்த்தால், கையை நீட்டியவர் ஊசி ஆகாத சரோஜா! பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. எலுமிச்சை ஊறுகாய் அனுப்புங்கள்.

டியூட்டி மணி அடித்துவிட்டது. அம்மா! அப்பா வெளியே போனதும் அடுப்படியில் நின்று அவர் பெயரை ஒருமுறை சொல்லிப் பழகுங்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால் எடுத்துச் சொல்ல, பக்கத்தில் நான் இல்லையே.

உங்கள்
தாயி