தட்டில் வந்த கடைசிச் சம்பளம்

அப்பா, எங்கள் கம்பெனியை விற்றுவிட்டார்கள், புது முதலாளி வந்தாயிற்று, இன்றோடு நான் மேனேஜர் இல்லை!

வழியனுப்பு விழாவில் போட்ட ரோஜா மாலையை ஆட்டோவில் வரும்போதே கழற்றிவிட்டேன். வாசனை மட்டும் கழுத்தை விட்டுப் போகவில்லை. வில்லாபுரம் வீட்டில் விளக்கைப் போட்டேன். "வந்துட்டேன்" என்று சொல்ல ஆளில்லை. அதனால் சுவரில் படமாக இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

எண்பதுகளில் நீங்கள் மேனேஜராக இருந்த மில் கை மாறியபோது உங்களுக்கும் இதே மாலைதான். புது முதலாளிக்குத் தன் ஆளை மேனேஜராக்க வேண்டும். நீங்கள் விலகிக்கொள்ள ஒரு தொகை. அதை மேடையில், வெற்றிலை பாக்கு, பழம், பொன்னாடையோடு தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்தார். உங்கள் முதல் ரசிகை நான், காலேஜ்காரி, விசிலே அடித்துவிட்டேன். அம்மா முறைத்தாள்.

"சம்பளம்னா கவர்ல வரும். இது தட்டுல வந்தது, அன்பளிப்பு. இதுக்கு ஏது வரி?" என்றீர்கள். அந்தப் பணத்தை நம்பி இந்த வீட்டுக்கு மாடி எழுப்பத் தொடங்கினீர்கள். பாதிச் சுவர் எழும்பியபோது வருமான வரி நோட்டீஸ் வந்தது.

செல்லூர் ஆடிட்டர் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, தட்டுல வச்சா சம்பளம் பிரசாதமாயிருமா? வேலையை விட்டுப் போறதுக்கு முதலாளி குடுத்தா அதுவும் சம்பளக் கணக்குதான். உங்க மேல உள்ள பிரியத்துல குடுத்ததுன்னு காட்டுனா வேணா வாதாடிப் பாக்கலாம்."

"அம்புட்டுத்தானே? பிரியத்துக்கா பஞ்சம்!"

விழா ஆல்பத்தோடு வருமான வரி ஆபீசுக்குக் கிளம்பினீர்கள். ஆடிட்டரும் நானும் கூட வந்தோம். அதிகாரி ஒவ்வொரு படமாக, மரியாதையாகவே பார்த்தார்.

"நல்ல கூட்டம் சார். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீங்க மேனேஜரா இல்லாட்டி, இந்தத் தட்டு உங்களுக்கு வந்திருக்குமா?"

ஆடிட்டர் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் சொல்லிவிட்டீர்கள்: "வந்திருக்காது."

வெளியே வந்ததும் ஆடிட்டர் குதித்தார். "என்னண்ணே! அதுக்குப் பதில் சொல்லத்தானே என்னைய வச்சிருக்கீங்க?"

"அன்னைக்கு மாலை போட்டவங்கள்ல ஒருத்தன்கூட இன்னைக்கு வரைக்கும் வீட்டை எட்டிப் பாக்கல. பிரியம்னு எந்த வாயால சொல்ல?"

வரியைக் கட்டினீர்கள். மாடி நின்றுபோனது. அது உங்களை அவ்வளவாக வருத்தவில்லை. சாயங்காலமானால் சட்டையை மாற்றிக்கொண்டு, தெருவைப் பார்க்கும்படி நாற்காலியைப் போட்டு உட்காருவீர்கள். அம்மா கூடுதலாகப் பால் வாங்கி வைப்பதைப் பல நாள் கழித்துத்தான் நிறுத்தினாள்.

விலகிக்கொள்ள எனக்கு வந்த தொகையில் கம்பெனியே வரியைப் பிடித்துக்கொண்டது. இந்தக் காலத்தில் ஏமாறக்கூட வழியில்லை. ஆனால் அந்த அதிகாரி உங்களிடம் கேட்ட கேள்வி என்னோடுதான் இருக்கிறது. நீங்கள் அதை உங்கள் மில்காரர்களிடம் கேட்கவே இல்லை, அப்பா. ஒருவரைக்கூட "வீட்டுக்கு வாங்க" என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டும் வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம். உங்கள் மூக்கைப் போல அந்தப் பயமும் எனக்கு அப்படியே வந்திருக்கிறது.

அதனால்தான் தனித்தனியாகக் கூப்பிடாமல் இதை எல்லோரும் பார்க்கும்படி முகநூலில் போடுகிறேன். நம் ஆபீஸ் மக்களே, ஞாயிறு சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்துக்கு வாருங்கள். இனி என்னால் யாருக்கும் லீவு தர முடியாது, சம்பளம் ஏற்ற முடியாது. டீ வாங்கித் தர முடியும். வருகிறவர்கள் கீழே ஒரு வார்த்தை சொல்லுங்கள்.