செல்வி புதையலில் வாங்கிய வீடு

நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தை யாரோ பிரித்தார்கள். அந்தத் தேங்காயெண்ணெய் வாசம் வந்ததும் எனக்கு உன் செம்பூர் வீடு ஞாபகம் வந்துவிட்டது. நீ மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கி வைத்திருப்பாய். எங்கள் ஆட்டத் தாள்களில் எல்லாம் எண்ணெய் விரல் பதிந்திருக்கும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. முலுண்டில் என் வீட்டு மேசையைச் சுற்றி இர்ஃபான், செல்வி, கோபர்கைரனேயிலிருந்து புதிதாக வரும் என் ஆபீஸ் நண்பர்கள் இருவர். ஆட்டத்தின் கதையில் கிடைத்த புதையலை எப்படிப் பிரிப்பது என்று புதியவர்களுக்கும் இர்ஃபானுக்கும் ஓயாத சண்டை. வாரமெல்லாம் லோக்கல் ட்ரெயினில் நசுங்கி வருகிறேன், இன்றைக்கும் பஞ்சாயத்து. நீ எப்படித்தான் இத்தனை வருஷம் இதை நடத்தினாயோ.

அப்போது நாம் நான்கு பேர்தான். நீ கதையை நடத்துவாய். நானும் இர்ஃபானும் செல்வியும் அதற்குள் ஆளுக்கொரு வீரராக அலைவோம். என்ன செய்யப் போகிறோம் என்று நாங்கள் சொல்வோம், அது பலித்ததா என்று பகடை சொல்லும். இர்ஃபானுக்குத் தாராவியில் தோல் பைக் கடை. செல்வி பியூட்டி பார்லரில் வேலை பார்த்தாள். அதே தாராவியில், தகரக் கூரை போட்ட மாடியில், ஒரே அறையில், அப்பா அம்மாவோடும் அண்ணன் குடும்பத்தோடும் இருந்தாள்.

ஒரு டிராகனைக் கொன்று மலை போல் தங்கத்தை அடைந்தோம். நீ அதற்கும் எடை போட்டாய்.

"பேப்பர்ல எழுதிண்டா ஆச்சா? யார் தூக்கப் போறா?"

கழுதைக்கு வாடகை, நகர வாசலில் வரி. இர்ஃபான் தலையில் கை வைத்துக்கொண்டான். "அரே, ஜிஎஸ்டி தொல்லை இல்லாம கொஞ்ச நேரம் இருக்கலாம்னுதான் இங்க வாரேன். இங்கயுமா?"

நகரத்தில் அவன் நெருப்பு வாள் வாங்கினான், நான் கவசம் வாங்கினேன். செல்வி மட்டும் தயங்கித் தயங்கி, "எனக்கு ஒரு வீடு வேணும்க்கா" என்றாள்.

"வீட்டைத் தூக்கிக்கிட்டா சண்டைக்குப் போவே? கவசம் வாங்கு, இல்லன்னா செத்துருவே" என்றான் இர்ஃபான்.

நீ அவன் பக்கம் திரும்பவே இல்லை. "எத்தனை ரூம்?" என்று கேட்டாய்.

"மூணு. ஒண்ணு எனக்கு மட்டும். உள்ள இருந்து தாப்பா போடுத மாதிரி."

"தண்ணி?"

"வீட்டுக்குள்ளயே வரணும். எப்பத் திறந்தாலும் வரணும்."

ஜன்னல் எந்தப் பக்கம், படி எப்படி என்று அந்த மதியம் முழுக்க அதிலேயே போயிற்று. நான் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். இர்ஃபான் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தான். நீ அவள் சொல்லச் சொல்ல வரைந்துகொண்டிருந்தாய். வீடு முடிந்தபோது அவள் தங்கமும் தீர்ந்திருந்தது.

இர்ஃபான் சொன்னதுதான் நடந்தது. அடுத்த சண்டையிலேயே செல்வியின் வீராங்கனை செத்தாள். பகடையில் விழுந்ததை நீ மறைக்கவில்லை. கோயிலுக்குப் பெரும் பொருள் கொடுத்தால் செத்தவரை எழுப்பலாம் என்பது ஆட்டத்தின் விதி. எங்கள் இருவரிடம் மிஞ்சியிருந்தது அதற்குப் போதவில்லை.

"வீட்டை வித்துருவோம். செல்வி எந்திரிச்சு வந்துருவா" என்றான் இர்ஃபான். நல்ல மனசோடுதான் சொன்னான்.

"விக்கக் கூடாது." செல்வி வீட்டின் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நான் செத்தா செத்துட்டுப் போறேன். வீடு இருக்கட்டும்."

இது வெறும் விளையாட்டுதானே என்று சொல்ல நான் வாயெடுத்தேன். நீ என் கையைப் பிடித்து அமுக்கினாய். பிறகு அவளிடம், "செத்தவளுக்குத் தங்கை யாராவது இருக்காளா?" என்று கேட்டாய்.

"இருக்கா."

"அப்போ வீடு அவளுக்கு." இனி அந்தத் தங்கையாக ஆடச் சொல்லி, புதுத் தாள் ஒன்றை அவள் பக்கம் தள்ளினாய்.

எல்லோரும் கிளம்பிய பிறகு உன்னிடம் கேட்டேன், ஒரு வீட்டுக்காக ஏன் இவ்வளவு என்று. "விளையாட்டுலயாவது கேட்டது கிடைக்கட்டுமேடி" என்றாய். "அந்த வீட்டுக்குள்ள இனிமே நான் பகடை உருட்டப் போறதில்லே." திருடனோ தீயோ அந்த வாசலை மிதிக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் படுக்கும் வரைக்கும் அந்தச் சொல்லைக் காப்பாற்றினாய்.

நீ போன பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க நாங்கள் ஒருவரையொருவர் கூப்பிடவில்லை. இர்ஃபான்தான் முதலில் போன் செய்தான். "நீ நடத்து. வேற யாரும் நடத்தினா நான் வரல." அப்படித்தான் இது என் தலையில் விழுந்தது.

செல்வி வெகுநாள் கழித்து இன்றுதான் வந்தாள். தாராவியில் அவர்கள் குடியிருக்கும் சந்து முழுவதையும் இடிக்கப் போகிறார்களாம். "கீழ்வீட்டுக்காரங்களுக்கு அங்கயே வேற வீடு உண்டுங்காங்க. மாடியில இருக்கவங்களுக்கு எங்கயோ தூரமாம்க்கா. சரியா ஒண்ணும் சொல்ல மாட்டேங்காங்க." வந்ததும் இதைத்தான் சொன்னாள்.

பங்குச் சண்டைக்கு நடுவே நான் அவளைக் கேட்டேன், "உனக்கு எவ்வளவு வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்க்கா. நான் வீட்டுக்குப் போறேன்."

எந்த வீடு என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. அன்று நீ வரைந்த வீடுதான் என்று இர்ஃபானுக்கு உடனே புரிந்துவிட்டது. "கொஞ்சம் பேசாம இருங்கப்பா" என்று மற்ற இருவரையும் அடக்கினான்.

"போய் என்ன பண்றே?" என்றேன்.

"படுத்துத் தூங்குதேன்."

ஆட்டத்தில் யார் எங்கே தூங்கினாலும், இரவில் ஆபத்து வருமா என்று நான் பகடை உருட்டிப் பார்க்க வேண்டும். புதியவர்களில் ஒருவர் அதை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் தொடவில்லை. உன்னைப் போலக் கதை சொல்ல எனக்கு வராது. குரல் மாற்றிப் பேச வராது, சண்டையைத் தீர்க்கவும் வராது. உன்னிடமிருந்து இந்த ஒன்றை மட்டும் விடாமல் வைத்திருக்கிறேன்.

செல்வி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "விடிஞ்சிட்டுக்கா" என்று அவளாகச் சொல்லும் வரை நாங்கள் காத்திருந்தோம்.