தழும்பின் நீளம்

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தையல் பிரித்துப் பதினைந்து நாளாகிறது. கன்னத்தில் சிலிகோன் பட்டையைத் தினமும் பன்னிரண்டு மணி நேரம் ஒட்டிக்கொள்கிறேன். காலையும் மாலையும் விரல் நுனியால் ஐந்து நிமிடம் அழுத்தித் தேய்க்கிறேன். அம்மா மறந்துவிடுகிறாள் என்பதால் அலமாரிக் கதவில் அட்டவணை ஒட்டியிருக்கிறேன்.

இன்று தழும்பை ஸ்கேலால் அளந்தேன். 4.2 செ.மீ. ஞாயிறுதோறும் அளந்து நோட்டில் எழுதி வைப்பேன். நீ எப்போது வருவாய்?

அன்புத் தங்கை

ஜூன் 20

குட்டிக்கு,

வண்டியை ஓட்டியது நான். விழுந்து எழுந்தபோது எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. போட்டோ அனுப்பாதே, அளவை மட்டும் எழுது. தழும்பு போகட்டும், வருகிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

பத்து ஞாயிறு அளந்துவிட்டேன். அதே 4.2. நான்கு என்று எழுதலாமா என்று ஒரு வாரம் கை துறுதுறுத்தது. எழுதவில்லை.

பக்கத்து பெஞ்சுக்காரி, "கன்னத்துல ரயில் பாதை போட்டிருக்காங்கடி" என்றாள். டிக்கெட் எடுத்தாயா என்று கேட்டேன். இப்போது சிநேகிதியாகிவிட்டாள்.

அன்புத் தங்கை

செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று டாக்டரிடம் நோட்டைக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "யாரும்மா உன்னை நீளத்தை அளக்கச் சொன்னது? நீளம் எங்கயும் போகாது. நிறம், மேடு, மென்மை, இதைத்தான் நாங்க பார்ப்போம்."

சிவப்பு வெளிறிவிட்டதாம். மேடு பாதி அமுங்கிவிட்டதாம். முழுதாக அடங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், பிறகு வேண்டுமானால் லேசர் செய்யலாம் என்றார்.

என்னை யாரும் அளக்கச் சொல்லவில்லை, நானாகத்தான் அளந்தேன். உருப்படாத கணக்கைச் சொல்லி உன்னை மூன்று மாதம் அங்கேயே உட்கார வைத்துவிட்டேன். மன்னித்துவிடு.

முழுசாகப் போய்விடுமா என்று அம்மா கேட்டாள். மெல்லிய கோடு ஒன்று இருக்கும் என்றார். எனக்கு வருத்தம் இல்லை. ஒன்றுதான் தெரிய வேண்டும். அது போனால்தான் வருவேன் என்றால் நீ வரவே முடியாது. எவ்வளவு வெளிறினால் உனக்குப் போதும்? எழுது.

அன்புத் தங்கை

செப்டம்பர் 23

குட்டிக்கு,

சனிக்கிழமை காலை வந்துவிடுவேன். அம்மாவிடம் சொல்லிவிடு. மணி அடித்தால் நீயே வந்து கதவைத் திற.

அக்கா