கரித்தூள் டப்பாவில் கேட்டது

என் உயிரான அத்தானுக்கு,

லகாட் ஈயச் சுரங்கத்து வீட்டிலிருந்து உங்கள் ரூத் எழுதுகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. இப்படி ஒரு மழையில்தான் சுரங்கத்து டெலிபோன் கம்பியைச் சரிசெய்யக் கம்பத்தில் ஏறினீர்கள். கம்பி வழியாக வந்த மின்னல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. அந்த இடியும் எனக்குக் கேட்கவில்லை, அத்தான். காய்ச்சலில் போன காதுதானே.

ஆனால் நீங்கள் செய்துதந்த கருவி இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் தூக்கிப்போட்ட பழைய டெலிபோனிலிருந்து கேட்குங்குழலை எடுத்தீர்கள். தகர டப்பாவில் கரித்தூளை நிரப்பி, மேலே மெல்லிய தகடு பொருத்தி, பேட்டரியோடு இணைத்தீர்கள். டப்பாவின் முன் யார் பேசினாலும் குழலில் கரகரப்போடு என் காதுக்கு வந்தது. முதலில் நீங்கள் சொன்னது என்ன? "ரூத்து, சோறு குழைஞ்சு போச்சு." நான் அழுதேன், நீங்கள் சிரித்தீர்கள்.

இந்த மாதத் தொடக்கத்தில் உங்கள் அண்ணன் தஞ்சோங் மாலிமிலிருந்து அண்ணியோடு வந்திருந்தார். வீட்டு ஜெபத்தைக் கேட்பதற்காக டப்பாவை மேசையில் வைத்து, குழலை முக்காட்டுக்குள் காதோடு பிடித்திருந்தேன். அவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. ஜெபம் முடிந்தபிறகு, எனக்குக் கேட்காது என்று நினைத்து என் எதிரிலேயே பேசினார்கள். அண்ணன்தான் தொடங்கினார்.

"இவள நாகப்பட்டினம் கப்பல்ல ஏத்தி, அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிடலாம். புள்ள எஸ்தர் நம்மகிட்ட இருக்கட்டும் லா."

"பாவங்க, பெத்தவ," என்றார் அண்ணி.

"பாவந்தான். போன வாரம் ஈயம் தோண்டித் தண்ணி நிக்கிற லம்பக்குட்டையில அவ விழுந்து கத்தினப்போ, சீனன் ஒருத்தன் ஓடிவந்து தூக்கலேன்னா? இவளுக்கு ஒண்ணுமே கேக்கலையே."

அது பொய்யில்லை, அத்தான். டப்பாவை இடுப்பில் கட்டிக்கொண்டே நடமாட முடியுமா? துணி துவைக்கும்போது கழற்றித்தானே வைக்க வேண்டும்?

ஆனாலும் வாய் திறந்தேன். "அண்ணே, நான் கப்பல் ஏற மாட்டேன். எம்புள்ளய குடுக்கவும் மாட்டேன்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. முக்காட்டை விலக்கிக் குழலைக் காட்டினேன். நம்பாமல், எனக்கு முதுகைக் காட்டி நின்று மெதுவாகப் பேசினார். "இது என் தம்பி செஞ்சதா?"

"அவங்கதான் செஞ்சாங்க."

அவர் திரும்பவே இல்லை. தோள்கள் குலுங்கின. பிறகு, "பேட்டரி தீந்துட்டா என்ன செய்வே?" என்றார். வேறு வாங்குவேன் என்றேன். "தூங்குறப்போ?" அப்போது கழற்றித்தான் வைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அடுத்த மாதம் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எதிர்ப்பது எளிதாக இருந்திருக்கும், இல்லையா?

இப்போது தூங்கும்போது, அவள் எழுந்தால் எனக்குத் தெரியும்படி எஸ்தரின் மணிக்கட்டையும் என்னுடையதையும் ஒரு நூலால் கட்டிக்கொள்கிறேன். ஈப்போவில் மரைக்காயர் கடையில் பேட்டரி வாங்கினேன். தகடு துருப்பிடித்ததும் பிஸ்கட் டின்னை வெட்டி நானே மாற்றினேன். விரலைக் கிழித்துக்கொண்டேன், குரல் தெளிவாக வருகிறது. தையல் வேலையும் கிடைத்திருக்கிறது. குட்டைப் பக்கம் வேலி போட்டாயிற்று. இதெல்லாம் போதுமா? தெரியவில்லை.

நேற்று எஸ்தர் டப்பாவின் அருகே வாயை வைத்துக் கேட்டாள்: "அம்மா, அப்பா எப்ப வருவாங்க?"

ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. குழலை எடுத்துவிட்டு, கேட்காததுபோல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எடுக்கவில்லை. "வர மாட்டாங்க, கண்ணு," என்றேன். அவள் அழுத சத்தம் முழுவதையும் கேட்டேன்.

இனிமேலும் அவள் கேட்பது எதுவானாலும் காதில் வாங்கிப் பதில் சொல்வேன், அத்தான். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மனைவி,
எஸ்தரின் அம்மா,
ரூத்