கடைசி வீட்டு வாசற்படிக்கு நிழல் எட்டிய வரலாறு

புரட்டாசித் திங்கள் ஏழாம் நாள். விடியல் முதல் வானம் சாம்பல் நிறக் கம்பளியால் போர்த்தது போல் மூடிக்கிடந்தது. தூறல் விழுவதும் ஓய்வதுமாக இருந்தது. உச்சிப் பொழுதிலும் தரையில் ஓர் ஆளின் நிழல்கூடக் காணப்படவில்லை. அந்நாளில் புன்னைக்குறிச்சியில் நிகழ்ந்ததை எடுத்துரைக்கும் ஓலை இது.

ஏழு குன்றும் ஒரு கடலும் எல்லையாகக் கொண்ட நெடுமணல் நாட்டின் தலைமை அமைச்சர் காரிவேண்மான், மேல்கான மண்டலத்தின் தலைவர் அத்தன் கொற்றனார்க்கு எழுதுவிப்பது. மேல்கானத்துத் தேனடை நிறைக, மிளகுக்கொடி தழைக்க, காய்ச்சல் கண்டோர் எழுந்து நடக்க, காணாதோர் காணாமலே இருக்க. தங்கள் குதிரைகளும் நலமாயிருக்குமென நம்பப்படுகிறது.

தங்கள் ஓலை வந்து சேர்ந்தது. கொள்ளைக்காய்ச்சல் தொடங்கிய ஆடித் திங்கள் முதல் தலைநகரிலிருந்து இருபது ஆணைகள் வந்தன என்றும், அவற்றுள் எதை முதலில் கடைப்பிடிப்பது என்று தெரிவிக்கும் இருபத்தொன்றாம் ஆணை மட்டும் வரவில்லை என்றும் தாங்கள் வெகுண்டு எழுதியிருந்தீர்கள். அவ்வெகுளி முறையானதே. ஆதலின், தலைமை அமைச்சர் சாக்குப்போக்கு எதனையும் எழுதாமல், புன்னைக்குறிச்சியின் ஊர்க்கண்காணி வெண்காடன் என்பவன் பட்ட பாட்டை மறைவின்றி எழுதுவிக்கிறார்.

வெண்காடன் ஆணைகளை மீறும் இயல்பினன் அல்லன். நான்காம் ஆணை, வாயையும் மூக்கையும் துணியால் மூடாமல் ஒருவரும் வெளியே வரலாகாது என்றது. ஐந்தாம் ஆணை, அத்துணிகளை நாள்தோறும் துவைத்து உச்சிப் பொழுது வரை வெயிலில் உலர்த்த வேண்டும் என்றது. ஊரார் உச்சிப் பொழுது வரை வீட்டுக்குள் அமர்ந்து, கொடியில் ஆடும் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஒன்பதாம் ஆணை சந்தையை நான்காம் நாழிகையில் மூடச் சொன்னது. பத்தாம் ஆணை அதே சந்தையை ஐந்தாம் நாழிகைக்கு முன் திறக்கலாகாது என்றது. வெண்காடன் இரண்டு ஓலைகளையும் அருகருகே வைத்து ஒரு பகல் முழுதும் பார்த்தான். பின்னர்ச் சந்தையைத் திறவாமலே, கீரையையும் மீனையும் தெருத்தெருவாக அனுப்பினான். ஊர் பட்டினி கிடக்கவில்லை; ஆணையும் மீறப்படவில்லை; அவன் தலைமுடி மட்டும் சற்று நரைத்தது.

இஃதிவ்வாறாக, இருபதாம் ஆணை வந்தது. அறுபது வயது கடந்தோர், இரைப்பு நோயினர், கருவுற்ற மகளிர் ஆகிய வலுவிலார் அனைவர்க்கும் அரச பண்டாரத்திலிருந்து வாரந்தோறும் இரண்டு மரக்கால் அரிசியை அவரவர் வாசலிலேயே அளித்தல் வேண்டும் என்பது அதன் பொருள். இருபதிலும் நல்லது இதுவே என்று வெண்காடன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். புன்னைக்குறிச்சியின் வலுவிலார் அனைவரையும் முன்னமே முரசுக்கோபுரத்தின் கீழ்த்திசையிலுள்ள ஒற்றை வீதியில் குடியேற்றியிருந்தான். முப்பத்தொரு வீடுகள். உறவினர் உள்ளே வரத் தடை. கைமாற்றி உணவு கொடுக்கத் தடை. பன்னிரண்டாம் ஆணைப்படி அவர்கள் தம் வாசற்படியைத் தாண்டவும் தடை. வீதியில் அரிசி தீர்ந்துகொண்டிருந்தது.

ஆயினும் நம் நாட்டின் பழைய வழக்கம் ஒன்றைத் தாங்கள் அறிவீர்கள். ஆணை யாரைப் பற்றியதோ, அவர் முரசுக்கோபுரத்தின் நிழலில் இருந்து, அரசரின் நாற்பத்தொரு விருதுப்பெயர்களையும் ஆணையையும் தம் காதால் கேட்டாலன்றி அது நடப்புக்கு வாராது. கோபுரத்து அடியில் கூடினாலன்றி நிழல் இல்லை. வாசற்படியைத் தாண்டினாலன்றிக் கூட இயலாது. பண்டாரக்காவலன் சேந்தன் திறவுகோலை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர்கள் கேட்கட்டும், மறுகணம் திறக்கிறேன் என்றான். அவன் கல்நெஞ்சன் அல்லன். அவனுக்கு முன் காவலனாக இருந்தவன் ஒரு நாள் முந்தித் திறந்தமையால் இப்போது உப்பளத்தில் கொக்கு விரட்டிக்கொண்டிருக்கிறான்.

வெண்காடன் தலைநகருக்கு ஓலை விடுத்தான்: வலுவிலாரைக் கூட்டத்திலிருந்து காக்கும் பொருட்டு அவர்களைக் கூட்டமாகக் கூட்டவோ, அன்றி வழக்கத்தை விடவோ, எது செய்யத்தக்கது என்று. எட்டாம் நாள் விடை வந்தது. இரண்டையும் ஒருங்கே கடைப்பிடிக்கவும் என்பதே அவ்விடை. அதை எழுதுவித்தவர் தலைமை அமைச்சர் காரிவேண்மானே. அன்று அவர்முன் அறுபது ஓலைகள் இருந்தன என்பது உண்மையாயினும், அது விடையாகாது என்பதும் உண்மை.

வீதியின் கடைசி வீட்டில் இருப்பவள் மாசாத்தி, பானை வனைபவள், அறுபத்துமூன்று வயதினள், பத்து அடி நடந்தால் இரைப்பு வந்து அமர்ந்துவிடுபவள். ஆனால், அமர்ந்த இடத்திலிருந்து அவள் வாய் நெடுந்தொலைவு செல்லும். விடை வந்த செய்தியைக் கேட்டு அவள், கண்காணியாரே, என் முற்றத்தில் நானூறு பானைகள் உள்ளன, ஒன்றிலும் போடுவதற்கு ஒன்றும் இல்லை, உம்முடைய இருபது ஓலைகளையும் கொண்டுவந்து போடும், வெந்தால் தின்கிறோம் என்று வாசற்படியிலிருந்து கூவினாள். அவளுடைய வீட்டில் இரண்டு நாளாகக் கஞ்சித்தண்ணீர் மட்டுமே என்பதை அவள் சொல்லவில்லை. அடுத்த வீட்டார் சொன்னார்கள்.

அன்று வெண்காடன் பழைய ஓலைக்கட்டுகளை எடுத்துப் புரட்டினான். தனக்குச் சாதகமாக ஏதேனும் வழக்கம் கிடைக்குமோ என்பது அவன் எண்ணம். கிடைத்தவை மாசாத்தியின் முறையீடுகள் பதினொன்று. பங்குனியிலும் புரட்டாசியிலும் சில நாள், பொழுது சாயும் வேளையில் முரசுக்கோபுரத்தின் நிழல் வீதி நெடுகப் படுத்து, இருபத்தெட்டரை நாழிகைக்குத் தன் முற்றத்துக்கே வந்து பச்சைப் பானைகளை உலரவிடாமல் கெடுக்கிறது என்றும், கோபுரத்தை நான்கு கோல் தள்ளி வைக்க வேண்டும் என்றும், இயலாதெனில் அரசர் நேரில் வந்து பானையைத் தொட்டுப்பார்க்க வேண்டும் என்றும் அவள் எழுதுவித்திருந்தாள். வெண்காடன் துள்ளி எழுந்தான். அன்று புரட்டாசி ஆறு. மக்கள் நிழலிடம் செல்ல இயலாவிடின், நிழல் மக்களிடம் வருகிறதே!

கணக்கு நெருக்கமாக இருந்தது. மறுநாள் பகல் சரியாக முப்பது நாழிகை. விருதுப்பெயர்களை ஓத முக்கால் நாழிகை ஆகும். ஏனெனில், அரசு அலுவலர் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முறை இடுப்பு வளைய வணங்குதல் வேண்டும். ஆணையை ஓதக் கால் நாழிகை. இருபத்தெட்டரைக்குத் தொடங்கினால் இருபத்தொன்பதரைக்கு முடித்துவிடலாம். ஆறு கோல் தொலைவில் நின்று சேந்தன் இக்கணக்கைக் கேட்டு, நிழல் நிழல்தான், அது நின்றால் என்ன, படுத்தால் என்ன என்று ஒப்புக்கொண்டான்.

மறுநாள் நிழலே இல்லை. மேலே கூறியவாறு வானம் மூடிக்கிடந்தது. வெண்காடன் தலைப்பாகையும் பொன்னரைஞாணும் அணிந்து, ஓலையை எண்ணெய்த் துணியில் சுற்றி, வீதி நடுவே அண்ணாந்து நின்றான். முப்பத்தொரு வாசற்படிகளிலும் வலுவிலார் அமர்ந்து அவனையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தனர். மாசாத்தி, கதிரவனுக்கு ஓலை விடுத்தாயிற்றா கண்காணியாரே, அங்கிருந்து விடை வர எத்தனை நாளாகும் என்று கேட்டாள். இரண்டையும் ஒருங்கே கடைப்பிடிக்கவும் என்று வரும் என இன்னொரு வாசற்படியிலிருந்து ஒரு முதியவர் விடை சொன்னார். வீதியே சிரித்தது, சிரித்ததில் பாதிப் பேருக்கு இருமல் வந்தது. வெண்காடனும் சிரித்தான், ஆனால் அவன் கண் மேற்கை விட்டு அகலவில்லை.

இருபத்தெட்டாம் நாழிகையில் மேற்கே முகில் கிழிந்தது. மஞ்சள் வெயில் வீதிக்குள் பாய்ந்தது. அதன் நடுவே கோபுரத்தின் நிழல், நெடுங்காலமாக அங்கேயே கிடந்தது போல், முப்பது வாசற்படிகளையும் மூடிக் கிடந்தது. இருபத்தெட்டரை ஆனதும் அது மாசாத்தியின் முற்றத்தை எட்ட, வெண்காடன் சேந்தனை நோக்கிக் கையசைத்துவிட்டு, மேலும் கீழும் நடந்தவாறே ஓதத் தொடங்கினான். ஏழு குன்றுக்கு ஒரு குடையோன் என்றான், வணங்கினான். யானைக்கு வழிவிடாதோன் என்றான், வணங்கினான். முத்தும் உப்பும் ஒரே மரக்காலில் அளந்தோன் என்றான். வணங்கி எழுகையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். நாற்பத்தொன்றும் முடிந்தபோது நாழிகை இருபத்தொன்பதேகால்; ஆணையும் முடிந்தபோது இருபத்தொன்பதரை. முப்பது வாசற்படிகளிலிருந்தும் கேட்டோம் என்ற குரல் எழுந்தது.

அப்போது சேந்தன் கை உயர்த்தினான். அவன் முகம் வாடியிருந்தது. விருதுப்பெயர்களை ஓதியபோது நிழல் மாசாத்தியின் முற்றத்தில் இருந்ததேயன்றி, முற்றத்துக்கு அப்பாலுள்ள வாசற்படிக்கு வரவில்லை என்றும், ஆணையை ஓதியபோதுதான் அவள் காலடியைத் தொட்டது என்றும், ஆகவே விருதுப்பெயர்களைப் பானைகள் முறைப்படி கேட்டன, அம்மையார் கேட்கவில்லை என்றும் அவன் தலைகுனிந்து சொன்னான். வெண்காடன் திகைத்தான். முறையீடு பானைகளைப் பற்றியது. வாசற்படியைப் பற்றியது அன்று. அவன் கோல் கொண்டு அளந்ததும் முற்றம் வரையில்தான். மீண்டும் ஓதுவதற்கு முக்கால் நாழிகை வேண்டும். இருப்பதோ அரை நாழிகை. மறுநாளும் முகில் கிழியும் என்று யார் உறுதி கூறுவார்? எங்கள் அரிசியில் அவளுக்கும் ஒரு பிடி தருகிறோம் என்று வீதியார் கூவினர். கைமாற்றுவதற்குத் தடை உள்ளதே என்று சேந்தன் அழாக்குறையாகச் சொன்னான்.

மாசாத்தி கேட்டாள்: தம்பி சேந்தா, வணங்க வேண்டியவர் அலுவலர் தாமே? குடிகள் வணங்காமல் சொல்லலாம் அல்லவா? சொல்லலாம் என்றான் சேந்தன். என் வாய் சொல்வதை என் காது கேட்டால், நான் கேட்டதாகுமா? சேந்தன் நெற்றியைச் சுருக்கி எண்ணிப்பார்த்து, ஆகும் என்றான். ஆணைக்குப் பின் பெயரைச் சொன்னால் குற்றமா? எது முன், எது பின் என்று வழக்கம் கூறவில்லை என்றான். அப்படியானால் வாயை மூடிக்கொண்டு கேள் என்று சொல்லி, அவள் நிழலில் நிமிர்ந்து அமர்ந்தாள். ஒவ்வோர் ஆணைக்கும் கோபுரத்து அடியில் நின்று நாற்பது ஆண்டுகளாகக் கேட்ட பெயர்கள் அவள் நாவில் இருந்தன. மூச்சுத்தான் இல்லை.

மூன்று பெயர் சொன்னாள், மூச்சு வாங்கினாள். நான்கு சொன்னாள்; மார்பில் துருத்தி போல் ஓசை எழுந்தது. நள்ளாற்றை நடந்தே கடந்தோன் என்று சொன்னவள், அது கோடைக்காலம் என்று தன் சொல்லையும் சேர்த்தாள். மூச்சை வீணாக்காதீர் அம்மையே என்று வெண்காடன் கெஞ்சினான். வெயில் சிவந்தது. வீதியில் ஒருவரும் அசையவில்லை. இருமல் வந்தவர்கள்கூட வாயைப் பொத்தி விழுங்கினர். முப்பத்தேழாம் பெயரில் அவள் நின்றாள். இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி, வாய் திறந்தபடி, காற்றைத் தேடினாள். கதிரவனின் கீழ் விளிம்பு வயலைத் தொட்டது. முப்பத்தெட்டாம் பெயர் அவளுக்கு மறந்துவிட்டதா, மூச்சு இல்லையா என்று எவராலும் அறிய இயலவில்லை. வெண்காடனுக்கு ஓலையில் அந்த வரி கண்ணில் படவில்லை.

புயலுக்குப் பாய் கொடுத்தோன் என்று உரத்த குரல் ஒன்று கேட்டது. சொன்னவன் சேந்தன். சொன்ன வேகத்தில் பழக்கத்தால் இடுப்பு வளைய வணங்கியும் விட்டான். திறவுகோல் நழுவி மண்ணில் விழுந்தது. மாசாத்தி அப்பெயரைத் திரும்பச் சொன்னாள். முப்பத்தொன்பது. நாற்பது. கடைசிப் பெயரை அவள் சொல்லி முடித்துக் கேட்டேன் என்றபோது, நாழிகை முப்பதுக்கு அரைக்கால் குறைவு. கதிரவன் பாதிதான் இருந்தான். சேந்தன் திறவுகோலைப் பொறுக்கிக்கொண்டு செருப்பை விட்டுவிட்டு ஓடினான். அவனுக்குப் பின்னால் அவள், ஓடாதே தம்பி, உனக்கும் இரைப்பு வந்தால் என் வீதியிலேயே குடிவைத்து, உனக்கும் அரிசி தராமல் காப்பாற்றுவார்கள் என்று விட்டு விட்டுச் சொன்னாள்.

இவ்வனைத்தும் அரசர் முன் வாசிக்கப்பட்டன. அரசர், ஆம், கோடைக்காலம்தான், முழங்கால் அளவு நீர்கூட இல்லை என்று மெல்லக் கூறினார். அதன்பின் வேறு ஒன்று கூறினார். அதுவே இவ்வோலை தங்களிடம் வருவதற்குக் காரணம்.

அரசரின் ஆணையாவது: ஒருவர்க்கு உணவளிக்கும் ஆணை, எழுதி முத்திரையிட்ட கணத்திலேயே நடப்புக்கு வரும், அதற்கு நிழலும் வேண்டா, விருதுப்பெயரும் வேண்டா, வணக்கமும் வேண்டா. ஒருவர் கதவை அடைக்கும் ஆணைக்கே இனி அவை மூன்றும் வேண்டும். காய்ச்சல் குறித்த இருபது ஆணைகளும் திரும்பப் பெறப்படுகின்றன. ஒன்றோடொன்று பிணங்காத ஒரே ஆணை, அடுத்த ஓலையில் அன்று, இவ்வோலையின் பின்புறத்திலேயே எழுதப்பட்டுள்ளது. தங்கள் மண்டலத்துப் பண்டாரங்கள் இன்னும் மூடியிருப்பின், இவ்வரியை வாசிக்கும்போதே ஒருவர் திறவுகோலுடன் புறப்படுக. பின்புறத்தை அவர் போன பிறகு வாசிக்கலாம். காலம் தாழ்த்துவோர் தாழ்த்தும் ஒவ்வொரு நாழிகைக்கும் தலைமை அமைச்சர் முன் விடையிறுப்பர். தலைமை அமைச்சர் தாழ்த்த எட்டு நாளுக்கு அவர் அரசர் முன் விடையிறுத்துவிட்டார்.

அரசரின் நண்டு முத்திரை இடப்பட்டது. எழுதியவன் கை நலமுறுக. சுமப்பவன் கால் நலமுறுக. வாசிப்பவர் மனம் இளகுக.

புன்னைக்குறிச்சியின் கடைசி வீட்டுக்கு அரிசி சென்று, அதில் கல் இருக்கிறது என்று மாசாத்தி கடிந்து, களைந்து, உலையில் இட்டு, அது சோறாகி இறங்கியது, புரட்டாசி ஏழாம் நாள் இரவு மூன்றேகால் நாழிகை.