பயணிகள் பட்டியல்

வைகாசி 20, புதன்
அனல்காற்று. மழைக்குறி இல்லை. காரிக்கிழமை (சனி) விசுவநத்தத்தில் கூட்டம், நான் பேச்சாளர். பேசுபொருள் முடிவாகவில்லை.

செய்தித்தாளில்: கடல்மேல் சென்ற பயணிகள் வானூர்தி ஒன்றைக் காணவில்லை. இடியா, இயந்திரக் கோளாறா, ஒருவருக்கும் தெரியாது. பயணிகளின் பெயர்ப்பட்டியல் மட்டும் முழுமையாக.

தேநீர்க்கடையில் ஆளுக்கொரு முடிவு.
"பைலட்டு ஒறங்கிட்டான்லே."
"ஏலே, நம்ம மினிபஸ் டிரைவர்னு நெனச்சியா?"
"கடல்ல பூப்போல எறக்கிருப்பான், பாரு."
நானும் ஒரு கருத்து உரைத்தேன். வானூர்தியில் ஏறியதே இல்லை நான்.

பேசுபொருள் முடிவு: வானூர்தியும் பாதுகாப்பும்.
வாங்க: அதிமதுரம் (தொண்டை), நீல மை.

வைகாசி 21, வியாழன்
முற்பகல் செல்லத்தாய் வந்தாள். அடுத்த தெரு, ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு ஆலையில் வேலை. பங்குனியில் அங்கே மருந்து கலக்கும் அறை வெடித்தது. அன்று காலை அவளோடு ஒரே வேனில் போன கணவன் கருப்பசாமி திரும்பவில்லை. உடலென்று எதுவும் கிடைக்கவில்லை. அவன் அன்று வேலைக்கே வரவில்லை என்கிறது ஆலை.

"அவுக செருப்பு ரூம் வாசல்ல கெடந்துச்சு அண்ணாச்சி. உள்ள போறவுக அங்கனதான கழட்டணும்."
மேசையில் கிடந்த செய்தித்தாளைத் தொட்டாள்.
"கடல்ல போனவுக பேரு அம்புட்டும் எப்படித் தெரிஞ்சது?"
"ஏறும்போதே எழுதிவிடுவார்கள் தாயி."
அவள் விரல் பட்டியலில் மேலிருந்து கீழாக ஓடியது.
"எங்க வேன்ல யாரும் எழுதலையே."

கேட்டது ஒன்றே. கூட்டத்தில் அவன் பெயரை நான் சொல்லவேண்டும். "வேலைக்குப் போன மனுசன்தான்னு நாலு பேரு காதுல விழட்டும்." வாக்களித்தேன்.

பிற்பகல் முழுதும் இதே எண்ணம். கப்பல்கள் கடலைச் சல்லடையிடுவது, பட்டியலில் பெயர் இருப்பதால். பெயரே எழுதப்படாதவனை எவர் தேடுவார்? பாதுகாப்பு என்பது பொறியில் தொடங்குவதன்று, ஏடும் எழுதுகோலும்... முடிக்க வரவில்லை. அடித்துவிட்டேன்.

வைகாசி 23, காரி
கூட்டம் முடிந்தது. நல்ல திரள். ஒலிபெருக்கி இருமுறை கரகரத்தது. முன்வரிசையில் அந்த ஆலையின் முதலாளி. பேச எழுமுன் எனக்குப் பொன்னாடை போர்த்தியவரும் அவரே.

வானூர்தி பற்றி அரைமணி. பிறகு நம் வட்டாரம். கருப்பசாமி என்ற பெயர் நுனிநாவில் நின்றது. "பெயரறியா உழைப்பாளர் எத்தனை பேர்!" என்று வந்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முதலாளியும் தட்டினார்.

மேடைப்படியில் செல்லத்தாய்.
"நல்லாப் பேசினீக அண்ணாச்சி. அவுக பேரு மறந்துபோச்சாக்கும்?"
"மறக்கவில்லை தாயி."
"பின்ன?" என்றாள்.