பாண்டிமீனா இல்லத்துக்கு இன்னொரு கையெழுத்து

கே.கே. நகர், மதுரை
ஆனி 3, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மீனாவுக்கு,

உன் மதினி பாண்டீஸ்வரி எழுதுறது. பதினோரு வருசம் கழிச்சு ஊர்லருந்து கவர் வந்திருக்கே, யாருக்கு என்ன ஆச்சோன்னு பதறாத தாயி. உங்க அண்ணனும் நானும் நல்லாத்தான் இருக்கோம். நீ, உன் வீட்டுக்காரர், நாங்க இன்னும் கண்ணுல பார்க்காத எங்க மருமக, உன் மக, மூணு பேரும் சூரத்துல சுகமா இருக்கணும்னு சாமியைக் கும்பிட்டுட்டுத்தான் பேனாவை எடுத்தேன். விலாசமும் போன் நம்பரும் திருமங்கலத்துச் சின்னத்தா கொடுத்தாக. அவுகளைக் கோவிக்காத, நான்தான் பிடுங்கினேன்.

விசயத்துக்கு வாரேன். இந்த வீட்டை விக்கிறோம். சோழவந்தான்ல வெத்தலைக் கொடிக்கால் வச்சதுலருந்து தெனமும் வண்டியில போயி வந்து உங்க அண்ணனுக்கு இடுப்பு கழண்டு போச்சு. அங்கனயே ஒரு வீடு கட்டிக்குவோம்னு முடிவு. வாங்குறவர் கோரிப்பாளையத்துல துணிக்கடை வச்சிருக்கிற அப்துல் லத்தீப் பாய். தங்கமான மனுசர். ஆடி பிறக்கிறதுக்குள்ள பத்திரம் பதிஞ்சுரணும்னு பேச்சு. எல்லாம் கூடி வாரப்பத்தான் உன் பேரு வந்து குறுக்க நின்னுச்சு.

நடந்ததைக் கேட்டா நீ சிரிப்ப. பாய் தரப்பு வக்கீல் முபீனான்னு ஒரு பொண்ணு. முப்பது வயசுகூட இருக்காது, ஆனா தலையில பேன் பார்க்கிற மாதிரி பத்திரத்தைப் பார்க்குது. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, உங்க அப்பாவோட வாரிசு சான்று எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு, நாலு எல்லையையும் நேர்ல பார்க்கணும்னு பாயையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்கே வந்துருச்சு. செருப்பைக் கழட்டிக்கிட்டே அண்ணாந்து பார்த்துட்டு, வாசல்ல பாண்டிமீனா இல்லம்னு போட்டிருக்கே, பாண்டிமீனா யாருன்னு கேட்டுச்சு.

உங்க அண்ணன் கொஞ்சம்கூடக் கூசாம, அது எங்க குலசாமின்னு சொன்னாரு பாரு! அந்தப் பொண்ணும் விடலை. கோயில் எந்த ஊரு, திருவிழா எப்ப, கிடா வெட்டா வெறும் பொங்கலான்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு கேக்குது. இவரும் உசிலம்பட்டிப் பக்கம், மாசி சிவராத்திரி, கிடா உண்டுன்னு அளந்து விடுறாரு. எனக்குப் பொறுக்கலை. சாமியும் இல்லை பூதமும் இல்லை, இவருகூடப் பிறந்த தங்கச்சி, சூரத்துல நல்லா இருக்குன்னு போட்டு உடைச்சுட்டேன். பாய் குனிஞ்சு தாடியைத் தடவிக்கிட்டாரு. வக்கீலம்மா ஃபைலை மூடி வச்சிருச்சு.

உங்க அப்பா தவறினப்ப, வாரிசுன்னு தன் பேரை மட்டும் எழுதிக் கொடுத்தது உங்க அண்ணன்தான். சொல்லாமக் கல்யாணம் பண்ணிக்கிட்டவ எனக்குத் தங்கச்சியே இல்லைன்னு அம்புட்டு வீம்பு. உனக்குச் சாவுச் சேதிகூடச் சொல்லி விடலை. அதுல எனக்கும் பங்கு இருக்கு. ஒரு போன் பண்ண எனக்குத் தைரியம் வரலை. மன்னிச்சுக்க மீனா.

வக்கீலம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லிருச்சு. மகனுக்கு எம்புட்டோ அம்புட்டு மகளுக்கும் உண்டு, சான்றைத் திருத்தி வாங்குங்க, அவுகளும் கையெழுத்துப் போடாம இந்த வீட்டை வாங்குங்கன்னு நான் எழுதித் தர மாட்டேன்னு. பாயும், பொம்பளைப் பிள்ளை பங்கை மறைச்சு வாங்குன வீட்டுல நான் எப்படித்தேன் தொழுகிறதுன்னு கேட்டுட்டாரு.

ரெண்டு நாள் உங்க அண்ணன் விடியுமுன்ன கொடிக்காலுக்குப் போயி இருட்டினப்புறம்தான் வீடு திரும்பினாரு. மூணாம் நாள் வக்கீலம்மா போன் போட்டு, உங்க தங்கச்சிக்கு முறைப்படி ஒரு நோட்டீஸ் அனுப்பிருவோமான்னு கேட்டதுதான் தாமதம், ஆளு எந்திரிச்சுட்டாரு. என் தங்கச்சிக்கு வக்கீல் நோட்டீஸா, அவ என்ன எதிர்த்தரப்பா, என் பொண்டாட்டி லெட்டர் போடுவான்னு ஒரே கத்தல். லெட்டர் எதுக்கு, நம்பர் இருக்கு, நீங்களே பேசுங்கன்னேன். மூணு தடவை அடிச்சாரு. மூணு தடவையும் உன் குரலைக் கேட்டதும் வச்சுட்டாரு. போன வாரம் பேசாம வச்சது எவனோ கிறுக்கன்னு நெனைச்சிருப்ப. நெனைச்சது சரிதான், அது உங்க அண்ணன்தான்!

அதுக்கப்புறம் மனுசனுக்குக் கால் தரையில பாவலை. உனக்குச் சரிபாதின்னு அவரே வக்கீலம்மாகிட்ட சொல்லிட்டாரு. பங்கு வேணாம்னு நீ எழுதிக் கொடுத்தாலும் வாங்க மாட்டாராம். பெயிண்டர் முத்திருளனைக் கூட்டியாந்து வாசல்ல உன் பேருக்குப் பச்சைக் கலர் அடிச்சிருக்காரு, கேளு கூத்தை. விக்கப் போற வீட்டுக்கு எதுக்குங்க பெயிண்டுன்னு கேட்டா, வாரவ பார்க்க வேணாமாங்கிறாரு. நேத்து சாப்பிடுறப்ப, மாப்ள கறி திம்பாரான்னு மெதுவாக் கேட்டாரு. எந்த மாப்ளன்னு நானும் தெரியாத மாதிரி கேட்டேன். முறைச்சாரு பாரு, எனக்குச் சிரிப்பு அடக்க முடியலை. உன் வீட்டுக்காரர் சித்தார்த் அண்ணனை அவரு மாப்ளன்னு முறை வச்சுச் சொன்னது நேத்துதான் முதத் தடவை. நீ நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் பத்திரம் பதிய முடியும்னு எழுதச் சொல்றாரு.

இதுவரைக்கும் எழுதினதை அவருக்குப் படிச்சுக் காட்டிட்டேன். இனிமே எழுதுறது அவரு எழுதக் கூடாதுன்னது. குளிக்கப் போயிருக்காரு, அதனால வெரசா எழுதுறேன். நீ மதுரைக்கு வந்துதான் கையெழுத்துப் போடணும்னு இல்லை. உனக்குப் பதிலா வேற ஒருத்தர் கையெழுத்துப் போடலாம்னு சூரத்துல இருந்தே பவர் எழுதிப் பதிஞ்சு அனுப்பினாப் போதும்னு வக்கீலம்மா முதல் நாளே சொல்லிருச்சு. இதை உங்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு உங்க அண்ணன் எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு. உனக்குச் சேர வேண்டியதை ஒரு தடவை மறைச்சது போதும் மீனா, இன்னொரு தடவை என்னால ஆகாது. நீ பவர் அனுப்பினாலும் வீடு கிரயமாகிரும், உன் பாதியும் குறையாம வந்து சேரும். அவருக்குத்தான் நீ வரலைங்கிறது மிஞ்சும்.

நீயும் உன் குடும்பமும் நூறு வருசம் நல்லா இருக்கணும் தாயி. எது செஞ்சாலும் எனக்குச் சம்மதம். ஒருவேளை வந்தீன்னா, இந்தப் பவர் சங்கதி தெரிஞ்சதாக் காட்டிக்காத. வேற வழியில்லாமத்தான் வந்தேன்னு உங்க அண்ணன்கிட்டச் சொல்லிரு.

உன் வரவுக்கு வாசல் பார்த்து நிக்கிற மதினி,
பாண்டீஸ்வரி